ஒன்பதாம் படி

1

போன கிழமை எங்கள் வீட்டுக்கார அம்மா ஒரு தச்சனைக் கூப்பிட்டு, மாடிப்படியில் ஒன்பதாவது படியைத் திருத்துவித்தார். அரை மணித்தியால வேலை. பழைய பலகையைக் கழற்றிப் புதுப் பலகை வைத்து நாலு ஆணி அடித்தான், அவ்வளவுதான். ஊரிலிருந்து கடிதம் போடும் நீங்கள் பனி எப்படி, வேலை எப்படி, பிள்ளை தமிழ் கதைக்கிறாளா என்றெல்லாம் கேட்கிறீர்கள். நானோ ஒரு மரப்படியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். விசரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்தப் படி சத்தம் போடாமல் விட்ட நாளிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை.

நாங்கள் இருப்பது டோர்ட்மண்ட் நகரத்தின் வடக்குப் பக்கம். நிலக்கரிப் புகை குடித்துக் கறுத்துப்போன செங்கல் வீடு. கீழே வீட்டுக்காரி எல்ஸ்னர் அம்மா, இங்கத்தைய வழக்கப்படி ஃபிராவ் எல்ஸ்னர், தனியாக இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும், கலியாணம் செய்யாதவர். மேலே கூரைக்குக் கீழ் இரண்டு அறையும் ஒரு குசினியும் எங்களுக்கு. நான், மனைவி வசந்தி, மகள் கௌசி. நான் ஒரு உணவகத்தின் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன், சட்டி கழுவுகிறேன். காலையில் போய் மூன்று மணிக்கு வந்து, ஆறு மணிக்கு மறுபடி போக வேண்டும். கொழும்பில் கந்தோர் மேசையில் இருந்தபோது எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரவே ஒரு ஆள் இருந்தார். எல்லாம் தலையெழுத்து.

2

இந்த வீடு எனக்குக் கிடைத்ததே சப்பாத்தால்தான்.

எண்பத்தைந்தில் நாங்கள் அகதிகள் விடுதியில் இருந்தோம். ஒரு மண்டபத்தைப் படுக்கை விரிப்புகளால் மறைத்து மூன்று குடும்பம். தேவாலயத்து உதவிக்காரி ஒருத்தி இரக்கப்பட்டு, ஒரு வீட்டில் மேல்மாடி பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது, கேட்டுப் பார்ப்போம் என்று என்னைக் கூட்டிப் போனாள். மணியை அடித்துவிட்டு நான் பழக்க தோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தேன். பிறத்தியார் வீட்டுக்குள் சப்பாத்தோடு போனால் என் அம்மாவின் ஆவி வந்து பிரம்பால் அடிக்கும்.

கதவைத் திறந்த ஃபிராவ் எல்ஸ்னர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போயிற்று. காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் காரணமென்று வெட்கப்பட்டு மற்றக் காலால் மறைத்தேன்.

"உங்களை இப்படிச் செய்யச் சொன்னது யார்?" என்று கேட்டாராம். உதவிக்காரி பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அதன்பின் மூன்று கேள்வி. வீட்டுக்குள்ளும் இப்படித்தான் சப்பாத்தில்லாமல் நடப்பீர்களா? பிள்ளை சத்தம் போட்டு அழுமா? உள்ளறையிலிருக்கும் பெரிய அலுமாரியை அசைக்காமல் வைத்திருப்பீர்களா? ஓம், இல்லை, ஓம் என்று தலையாட்டினேன். முதலாவது உண்மை. இரண்டாவது பச்சைப் பொய். மூன்றாவது எனக்கு விளங்கவேயில்லை. வீட்டுத் திறப்பு அன்றைக்கே கைக்கு வந்தது.

3

ஆறு மாதத்தில் வீட்டில் ஒரு மாற்றம் கண்டோம். கௌசி சத்தம் போடுவதை விட்டுவிட்டாள்.

வசந்தி கிழமையில் இரண்டு பின்னேரம் ஜேர்மன் படிக்கப் போவாள். அந்த நேரம் பிள்ளையைக் கீழே ஃபிராவ் எல்ஸ்னர் பார்த்துக்கொள்வார். நல்ல மனுசி, பிஸ்கட் கொடுப்பார், படம் கீறக் கொடுப்பார் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கௌசி உள்ளறையில் சுவரோடு ஒட்டி இருந்தாள். கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. தோளைத் தொட்டதும்தான் மூச்சை விட்டாள்.

"எலி விளையாட்டு அப்பா. மணிக்கூட்டில பெரிய முள் ஒரு சுத்து வரும்வரைக்கும் அசையக் கூடாது. நான் இண்டைக்கு வெண்டிட்டன்" என்றாள்.

பிறகுதான் மற்றதையும் கவனித்தேன். வீட்டுக்குள் சில பலகைகளில் அவள் காலே வைப்பதில்லை. அலுமாரிக்கு முன்னால் மூன்றாவது பலகை, யன்னலடியில் ஒன்று. மாடிப்படியில் ஒன்பதாவதை ஒரே தாண்டலாகத் தாண்டுவாள். நான் அதில் மிதித்தால், கிணற்றுக் கப்பி இழுத்தது போல் ஒரு கிரீச் வரும். பிள்ளை காதைப் பொத்திக்கொள்வாள்.

"ஏனம்மா அதில மிதிக்கிறேல்லை?"

"அதில மிதிச்சா அவைக்குத் தெரிஞ்சிடும்."

"ஆருக்கு?"

"தெரியாது. அவைக்கு."

வசந்திக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இஞ்சாருங்கோ, அந்த மனுசி எங்கட பிள்ளைக்குப் பேய் பிடிக்க வைக்குது. சண்டைக்குப் பயந்து ஓடி வந்தது பிள்ளை பயப்படாம வளரட்டும் எண்டுதானே? இனிக் கீழ விட ஏலாது!" நான் வழக்கம்போல், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சமாளித்தேன். சொன்னேனே தவிர, அலுமாரிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது.

4

அந்த இலையுதிர்காலத்தில் வசந்தியின் தங்கை மலர் எங்களிடம் வந்தாள். பத்தொன்பது வயது. ஜேர்மனியின் தெற்கில் வேறொரு மாநிலத்தில் அகதி மனு கொடுத்திருந்தாள். அதை நிராகரித்து, நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்துவிட்டது. அவளோடு படித்த இரண்டு பெட்டைகளை ஊரில் ஆமி ஏற்றிக்கொண்டு போனது. ஒருத்தியும் திரும்பி வரவில்லை. ஆமியின் பட்டியலில் மூன்றாவது பெயர் மலருடையது என்று மாமி, அவளின் தாய், கடிதத்தில் எழுதியிருந்தா. பிடித்து அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதோடு அவள் கதை முடிந்தது.

ஆகவே ஒளித்து வைத்தோம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று பெயர்தான் பதிவு. நாலாவது ஆள் இருப்பது தெரிந்தால் அவளும் போவாள், எங்கள் மனுவும் போகும். ஃபிராவ் எல்ஸ்னருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்த விருந்தாளி போல ஏற்றினோம், பிறகு இறக்கவேயில்லை. கௌசி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பலகையில் மிதிக்கலாம், எதில் மிதிக்கக் கூடாது என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். 

ஆனால் நாங்கள் யார்? யாழ்ப்பாணத்தார். ஆளை ஒளித்தோம், ஆளின் சப்பாத்தை ஒளிக்கவில்லை. வாசலுக்கு வெளியே வழக்கம்போல வரிசையாக வைத்தோம். என்னுடையது, வசந்தியுடையது, கௌசியுடையது, மலரின் சிவப்புத் துணிச் சப்பாத்து. நாலு சோடி.

இரண்டாம் நாள் பின்னேரம் சிவப்புச் சப்பாத்தைக் காணவில்லை. மறுநாள் காலையில் கதவுக்கு உள்பக்கம் இருந்தது. பூட்டிய கதவு. ஈரம் உலர வைப்பது போல உள்ளே பழைய பேப்பர் அடைத்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான் சோதித்துப் பார்த்தேன். சிவப்புச் சப்பாத்தை உள்ளே வைத்துவிட்டு மூன்று சோடி மட்டும் வெளியே விட்டால் ஒன்றும் போகாது. அதன் இடத்தில் வசந்தியின் பழைய செருப்பை வைத்தால் அந்தச் செருப்புப் போய்விடும். எடுப்பது எதுவானாலும் அதற்கு எண்ணத் தெரிந்திருந்தது.

மலர் அழத் தொடங்கிவிட்டாள். "அத்தான், எனக்கு இஞ்ச இருக்கப் பயமாக் கிடக்கு. நான் போறன்."

"எங்க போவாய்? பேசாம இரு" என்றேன். 

5

சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்தால் முடிந்தது, இதற்கேன் இவ்வளவு வீம்பு என்று கேட்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எண்பத்துமூன்று யூலையில் என் உயிரைக் காத்ததே வாசலில் கிடந்த செருப்புத்தான். தமிழரின் வீடுகளைத் தேடி எரித்த கூட்டம் தெருமுனைக்கு வந்ததும் வசந்தி கௌசியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்மதிலால் குதித்தாள், நானும் குதித்தேன். எங்கள் செருப்புகள் முன்வாசலில் வரிசையாகக் கிடந்தன. செருப்புக் கிடக்கிறது, அப்போ ஆட்கள் உள்ளேதான் என்று அவர்கள் அந்தக் கதவை நின்று உடைத்தார்கள்; அலுமாரிகளைக் கவிழ்த்துத் தேடினார்கள். அந்த நேரத்துக்குள் நாங்கள் நாலு வீடு தாண்டிவிட்டோம். பிறகு வீட்டை எரித்தார்கள், அது வேறு. அன்றிலிருந்து வாசலில் செருப்புக் கிடந்தால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

ஆனாலும் திருடனைப் பிடிக்க வேண்டுமே. ஒரு பின்னேரம் வேலையால் வந்து, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு குந்தினேன்.

நாலு அடித்தது. படியில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஃபிராவ் எல்ஸ்னர் ஏறி வந்துகொண்டிருந்தார். சப்பாத்தில்லாமல், காலுறையோடு. ஒன்பதாவது படியைக் கைப்பிடியில் சாய்ந்து தாண்டினார். சரியாக எங்கள் கௌசி தாண்டுவது போல. வாசலில் முழங்காலிட்டு விரலால் எண்ணினார். இடுப்பில் எங்கள் கதவின் இரண்டாவது திறப்பு தொங்கியது. சிவப்புச் சப்பாத்தை எடுத்தார். பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தார்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அலறவில்லை. கையை உயர்த்தி என் வாயைப் பொத்தினார்.

6

அன்றைக்கு அவர் சொன்ன கதையை நான் கேட்டது என் பிள்ளையின் வாயால். எனக்கு ஜேர்மன் போதாது. வசந்திக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். முதலாம் வகுப்புப் படிக்கும் கௌசிதான் அலுவலகத்திலும் டொக்டரிடமும் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஃபிராவ் எல்ஸ்னர் மெல்ல மெல்லச் சொல்ல, கௌசி எங்கள் நடுவில் நின்று தமிழில் சொன்னாள். "அவ சொல்லுறா" என்று சேர்க்க அவளுக்குத் தெரியாது. "நான்" என்றே சொன்னாள்.

"எனக்கு ஆறு வயது. அம்மா என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவ. இது தையல்காரி அன்ரியின்ர வீடு. அன்ரி என்னை அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சவ. நாங்கள் யூடன்." பிள்ளை நின்று என்னைப் பார்த்தாள். "யூடன் எண்டா என்னப்பா?"

"யூதர்."

"என்ன பிழை செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. நீ சொல்லம்மா."

"அம்மா வேற இடத்தில ஒளிச்சிருந்தவ. கிழமையில ஒருக்கா நாலு மணிக்கு என்னைப் பாக்க வருவா. ஒருக்கா மழை பெய்தது. உள்ளுக்கு ஈர அடையாளம் படும் எண்டு சப்பாத்தை வாசல்ல கழட்டி வைச்சிட்டு வந்தவ. கீழ வாடகைக்கு இருந்த ஆள் அந்தச் சப்பாத்தைப் பாத்திட்டார். பிறகு ரெண்டு பேர் வந்தவை. ஒம்பதாம் படி ரெண்டு தரம் கத்தினது. நான் அலுமாரிக்குப் பின்னால. அம்மா சொன்னவ, இந்தத் தையல்காரிக்கு என்னை ஆரெண்டே தெரியாது, நான் துணி தைக்கக் கேட்டு வந்தனான் எண்டு. பிறகு அவை இறங்கிப் போட்டினம். படி ரெண்டு தரம்தான் கத்தினது."

கௌசி விரலை மடித்து எண்ணிக் காட்டினாள். "ரெண்டு பேர் ஏறினவை. ரெண்டு பேர் இறங்கினவை. அப்ப அம்மா வீட்டுக்குள்ளதான் அப்பா."

வசந்தி "ஐயோ" என்று வாய்க்குள் சொல்லிப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. அந்தத் தாய் அந்தப் படியில் ஒருநாளும் மிதித்ததில்லை. இரண்டு பேருக்கு நடுவில் சாகப் போகிறபோதும் பழக்கத்தில் தாண்டியிருக்கிறாள்.

தையல்காரி பிறகு எவ்வளவோ சொல்லியும் பிள்ளை நம்பவில்லை. சப்பாத்து இங்கேயே கிடக்கிறது, சப்பாத்தில்லாமல் அம்மா எங்கே போவா என்று கேட்டதாம். மூன்று குளிர்காலம் அலுமாரிக்குப் பின்னால் இருந்து, தாய் வீட்டுக்குள் எங்கேயோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைக் காதால் தேடியிருக்கிறது. யுத்தம் முடிந்தது, வளர்ந்தார், எல்லாம் விளங்கியது. தாயைக் கிழக்கே கொண்டுபோன ரயிலைப் பற்றிக் காகிதம்கூட வந்தது. தையல்காரி பெயரையும் வீட்டையும் அவருக்கே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினா. ஆனாலும் ஃபிராவ் எல்ஸ்னர் இந்த வீட்டை விட்டு ஒரு இரவு வெளியே தங்கியதில்லை.

எனக்கு வெள்ளவத்தைதான் நினைவுக்கு வந்தது. செருப்பைப் பார்த்து ஆள் உள்ளே என்று நம்பின கூட்டத்தால் நான் தப்பினேன். சப்பாத்தைப் பார்த்து அம்மா உள்ளே என்று நம்பின பிள்ளை நாற்பது வருடத்துக்கு மேலாக இங்கேயே நிற்கிறது.  

போகும்போது அவர் மலரைக் கூட்டிப்போய் அலுமாரியின் பின்பலகை எப்படித் திறக்கும் என்று காட்டினார். கூரைச் சரிவுக்குக் கீழே ஒரு ஆள் குந்தியிருக்க இடம். என்னிடம் மூன்று விரலைக் காட்டினார். கௌசி சொன்னாள்: "வெளியில ஒரு சோடியும் இல்லாட்டியும் சந்தேகப்படுவினமாம். மூண்டு இருக்க வேணுமாம். மூண்டே மூண்டு."

7

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவர்கள் வந்தார்கள். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே ஃபிராவ் எல்ஸ்னர் வழக்கத்துக்கு மாறாக உரத்த குரலில் யாருக்கோ வணக்கம் சொல்வது கேட்டது. மலர் எழும்பி, மூன்றாவது பலகையைத் தாண்டி அலுமாரிக்குள் போனாள். படி கத்தியது. ஒன்று. இரண்டு.

ஒருவர் அலுவலகத்து ஆள், மற்றவர் பொலிஸ். நான் கதவைத் திறந்தபோது அலுவலகத்து ஆள் குனிந்து சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனையால் காற்றில் எண்ணினார். ஐன்ஸ், ஸ்வை, திரை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதிலும் மூன்று. 

உள்ளே வந்து குசினியைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். பொலிஸ்காரர் அலுமாரியைத் திறந்தார். வசந்தியின் சீலைகள். கௌசி சுவரோடு ஒட்டி இருந்தாள், கண் திறந்தபடி. பொலிஸ்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, இமைக்கவும் இல்லை. அவர் சிரிப்பு மெல்ல மறைந்தது. அலுமாரியை மூடிவிட்டு, "பிள்ளைக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன், தமிழில்.

அவர்கள் இறங்கினார்கள். படி இரண்டு தரம் கத்தியது. தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்துக் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். படி மூன்றாம் தரம் கத்தியது. யாரோ ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஃபிராவ் எல்ஸ்னர்! நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தப் படி அவர் காலுக்குக் கத்தியதேயில்லை. எங்களை ஒருவரையும் பார்க்காமல் நேரே அலுமாரிக்குப் போனார், சீலைகளை வாரி எறிந்தார், பின்பலகையைத் தள்ளினார். உள்ளே மலர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலைமயிரெல்லாம் ஒட்டடையாக இருந்தாள்.

அவர் அந்த இடுக்குக்குள் கையை விட்டு அவள் முகத்தைத் தடவினார். பிறகு காலைத் தடவினார், வெறுங்காலை. சின்னப் பிள்ளையின் குரலில் ஏதோ சொன்னார்.

கௌசி பழக்கத்தில் மொழிபெயர்த்தாள்: "'அம்மா, நீங்கள் இஞ்சதானே இருந்தனீங்கள்' எண்டு கேக்கிறா."

மலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேய் பிடித்த மனுசி என்று திட்டிய வசந்திதான் போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரவு சாப்பிடும்போது மலர் சொன்னாள்: "அத்தான், உள்ளுக்கு எனக்குப் பக்கத்தில ஆரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த மாதிரிக் கிடந்தது."

"அது உன்ர மூச்சுத்தான்."

"இல்லை அத்தான். நான் மூச்சு விட்ட பிறகும் அது விடேல்லை."

8

தேவாலயத்து ஆட்கள் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார்கள். மலரின் மனுவைப் புதிதாகப் போட்டார்கள். எத்தனையோ டெர்மின், அதுதான் தவணை நாள், எத்தனையோ முத்திரை. இந்த மாதம் அவளுக்கு இருக்கலாம் என்ற காகிதம் கிடைத்துவிட்டது. வேறு நகரத்தில் வேலையும் சரி வந்தது. போன கிழமை பெட்டியோடு புறப்பட்டாள்.

ஃபிராவ் எல்ஸ்னர் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தோடு மேலே வந்தார். பழைய காலத்துப் பெண்கள் சப்பாத்து, பாலிஷ் போட்டிருந்தது, உள்ளே பேப்பர் அடைத்திருந்தது. யாருடையது என்று நாங்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை. 

"கீழ போகுமட்டும் இதைப் போட்டுக்கொண்டு இறங்குவீங்களோ எண்டு கேக்கிறா" என்றாள் கௌசி.

மலர் பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள். "போட்டுக்கொண்டு இறங்கடி. எல்லாப் படியிலயும் நல்லா மிதி" என்றாள் வசந்தி.

மலர் இறங்கினாள். பெரிய சப்பாத்து, ஒவ்வொரு படியிலும் டொக் டொக் என்று அடித்தது. ஃபிராவ் எல்ஸ்னர் படிக்கட்டின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்பதாவது படி கத்தியது. மலர் கீழே போய்க் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

மறுநாள் தச்சன் வந்தான். வாயாடி. பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலம் இந்தச் சத்தத்தை எப்படிச் சகித்தீர்கள், முதலே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டான்.

"முடியாது" என்றார் ஃபிராவ் எல்ஸ்னர். "இன்னும் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது."